ஜோபர்க் புது விண்ட் டன்னல்: ரெண்டு நிமிஷத்துக்கு இவ்வளவு காசு தகுமா?

கேள்வி, ஜூன் 28

தென்னாப்பிரிக்காவுல எங்க ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) வடக்குப் பக்கம் புதுசா விண்ட் டன்னல், அதாவது மேல நோக்கி அடிக்கிற காத்துல பறக்குற இண்டோர் ஸ்கைடைவிங் தொறந்திருக்காங்கன்னு ஆபீஸ்ல ஒரே பேச்சு. ஒரு நிமிஷம் வீதம் ரெண்டு தடவை பறக்கலாம், அவ்வளவுதான், அதுக்கு அவங்க சொல்ற விலையைக் கேட்டா தலை சுத்துது. கீழ ஒரு பெரிய ஃபேன், மேல நாம. ஏரோப்ளேன் இல்ல, பாராசூட் இல்ல. இதுக்கு எதுக்கு ஸ்கைடைவிங்னு பேரு? அந்தக் காசை சேர்த்து வெச்சு ஒரு தடவை நிஜமாவே குதிச்சுட்டு வந்துடலாமே? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜூன் 28, ராத்திரி

போயிருக்கேன், இனியும் போவேன். நிஜமாவும் குதிச்சிருக்கேன், கார்லெட்டன்வில்ல. அதனால ரெண்டையும் பத்தி சொல்ல முடியும்.

ஃபேன் கீழ இல்லைங்க. மேல இருக்கு. நான் மைன் வென்டிலேஷன்ல வேலை பாக்குறவ, தங்கச் சுரங்கத்துக்குள்ள காத்து ஓட வைக்கிறது தான் பொழப்பு, அதனால அங்க போன உடனே பறக்குறதுக்கு முன்னாடி கட்டடத்தைத் தான் அண்ணாந்து பாத்தேன். மொத்தக் கட்டடமும் ஒரு மூடின வளையம். மேல ஃபேன் காத்தை இழுக்குது, அது மூலையில திரும்பி, பக்கவாட்டுச் சுவருக்குள்ள இறங்கி, தரைக்கு அடியில போய் மறுபடி மேல ஏறுது. ஒவ்வொரு மூலையிலயும் வளைஞ்ச தகடு வரிசையா வெச்சிருப்பாங்க, இல்லேன்னா காத்து சுவர்ல மோதி சுழிச்சுக்கும், பாதி சக்தி அங்கேயே போயிடும். அடியில இருந்து மேல வரும்போது வழி குறுகுது, குறுகும்போது காத்து வேகம் எடுக்குது. அந்த குறுகின இடம் தான் கண்ணாடிக் கூண்டு, நாம பறக்குற இடம். அதுக்கு மேல வழி மறுபடி அகலமாகுது, வேகம் குறையுது, அதனால எவ்வளவு தான் மேல போனாலும் ஒரு உயரத்துக்கு அப்புறம் காத்துக்கு உங்களைத் தூக்க தெம்பு இருக்காது. ஃபேன் வரைக்கும் போகவே முடியாது. கீழ ஸ்டீல் கேபிள்ல பின்னின வலை. விழுந்தா அதுல தான் விழுவீங்க.

பேருக்கு வர்றேன். குதிச்சா உடம்பு காத்துல விழுது. இங்க காத்து உடம்பை நோக்கி வருது. நெஞ்சுல, உள்ளங்கையில, தொடையில படுற அழுத்தம் ரெண்டுலயும் ஒண்ணு தான்.

ஜூன் 29

நேத்து காசுக் கணக்கைத் தொடாம விட்டுட்டேன்னு காலையில தோணிச்சு.

பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் அடியில இருந்து குதிச்சா பாராசூட் விரிக்கிற வரைக்கும் அரை நிமிஷத்துல இருந்து முக்கால் நிமிஷம், கூடினா ஒரு நிமிஷம். மீதி எல்லாம் கார்ல போறது, காத்திருக்கிறது, ப்ளேன்ல ஏறுறது, பாராசூட்ல மிதந்து இறங்குறது. மிதக்குறதும் அருமை தான், அதை நான் குறைச்சு சொல்லல. ஆனா விழுற அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கிட்டா டன்னல் ரெண்டு நிமிஷங்கிறது ரெண்டு குதிப்புக்கு மேல. நீங்க ரெண்டு நிமிஷம் தானான்னு கேக்குறீங்க, குதிக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிஷம்னா பெரிய சொத்து.

அப்புறம் கோடையில எங்க ஹைவெல்ட்ல (ஜோபர்க் இருக்குற மேட்டு நிலம்) மத்தியானம் ஆனா இடி மின்னல், ஸ்லாட் எல்லாம் கேன்சல். ஆகஸ்ட்ல காத்து. நாள் பூரா டிராப் ஸோன்ல (குதிச்சு இறங்குற மைதானம்) உக்காந்து மேகத்தையே பாத்துட்டு திரும்பி வந்த சனிக்கிழமை நிறைய இருக்கு எனக்கு. டன்னல்ல அந்த சமாச்சாரமே இல்ல.

ஜூலை 1

டர்பன்ல இருந்து தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு, ஜோபர்க்ல காத்து லேசாச்சே, உங்க டன்னல் சரியா தூக்குமா, இதை எங்க ஊர்ல கடற்கரை ஓரமா கட்டியிருக்கலாமேன்னு. நல்ல கேள்வி தம்பி, இதுக்குத் தான் காத்துட்டு இருந்தேன்.

ஜோபர்க் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1750 மீட்டர் உயரம். இங்க காத்தோட அடர்த்தி டர்பனை விட ஆறுல ஒரு பங்கு குறைவு. உடம்பைத் தூக்குற விசை அடர்த்தியையும் வேகத்தோட வர்க்கத்தையும் பொறுத்தது. அதனால அதே ஆளை அதே மாதிரி தூக்கணும்னா வேகத்தை சுமார் 9 சதவீதம் கூட்டினா போதும். குப்புறப் படுத்த மாதிரி பறக்குறவங்களுக்கு டர்பன்ல மணிக்கு 190 கிலோமீட்டர் வேணும்னா இங்க 207 வேணும். அவ்வளவுதான் வித்தியாசம். உடம்புக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா உடம்பு உணர்றது அழுத்தத்தை, வேகத்தை இல்ல. கார்லெட்டன்வில்ல குதிக்கும்போதும் இந்த லேசான காத்துல தான் விழுறோம், அப்பவும் டர்பன்காரங்களை விட வேகமாத் தான் விழுவோம்.

ஃபேன் பக்கம் பாத்தா அழுத்தம் அதே தான், காத்தோட அளவு மட்டும் 9 சதவீதம் கூட, அதனால கரண்டும் அதே 9 சதவீதம் கூட. இன்னொண்ணு இருக்கு. சாதாரண மோட்டார் எல்லாம் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்னு தான் ரேட் பண்ணியிருப்பாங்க, அதுக்கு மேல போனா லேசான காத்து மோட்டார் சூட்டை சரியா எடுக்காது, அதனால அதோட முழுத் திறனை வாங்க முடியாது, ஒரு சைஸ் பெரிசா போடணும். எங்க சுரங்கத்துல மேல இருக்குற ஃபேனுக்கும் இதே கணக்கு தான் போடுறோம்.

ஜூலை 1, கொஞ்ச நேரம் கழிச்சு

தம்பி, டர்பன் பக்கம் ஒரு பாதகம் இருக்கு, அதையும் சொல்லணும். மூடின வளையத்துல ஃபேனுக்குக் குடுக்குற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடா மாறி அந்தக் காத்துலயே தங்கிடும். சின்ன டன்னலுக்கே சில நூறு கிலோவாட் ஆகும், பெரிசுன்னா ஆயிரத்தைத் தாண்டும். உங்க வீட்டு கீசர் 3 கிலோவாட்னு வெச்சுக்கோங்க, நூத்துக்கணக்கான கீசரை ஒரே ரூம்ல போட்டு விட்ட மாதிரி. அந்த சூட்டை வெளிய எடுத்தே ஆகணும். இங்க ஜூலை குளிர்காலத்துல வெளிக்காத்தை கொஞ்சம் உள்ள விட்டாலே போதும், காஞ்ச குளிர் காத்து. டர்பன்ல பிப்ரவரி மாசக் கோடையில அந்த வேர்வையும் ஈரமும்? சில்லர் ஓடிட்டே இருக்கணும். ஃபேன்ல மிச்சம் பிடிச்சதை குளிரூட்டுறதுல விடுவீங்க.

ஆனா கடற்கரை ஓரமா கட்டினா பறந்துட்டு வெளிய வந்த உடனே பன்னி சவ் (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துற டர்பன் சாப்பாடு) சாப்பிடலாம், அதுக்காகவே ஆதரிக்கிறேன்.

ஜூலை 5

"உள்ள என்ன தான் கத்துக்கிறீங்க, தூக்குறது காத்து தானே"ன்னு ஒருத்தர். இதுக்கு நீளமாத் தான் பதில் சொல்ல முடியும்.

முதல்ல சின்ன வகுப்பு. உள்ள சத்தத்துல பேசினா கேக்காது, காதுல பஞ்சு வேற வெச்சிருப்போம், அதனால கை சாடை தான். ரெண்டு விரலை நீட்டினா காலை நீட்டணும், ரெண்டு விரலை மடக்கினா காலை மடக்கணும், தாடைகிட்ட விரலை வெச்சு மேல காட்டினா தலையைத் தூக்கணும், கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நீட்டி ஆட்டினா உடம்பைத் தளர்த்தணும். புதுசா வர்றவங்களுக்கு அதிகமா காட்டுறது இந்தக் கடைசி சாடை தான்.

வாசல்ல நின்னு காத்து மேல அப்படியே முன்னாடி சாயணும். கை ஊன்ற எதுவும் இல்லாத இடத்துல சாய்றதுக்கு உடம்பு சம்மதிக்காது. மனசு சரின்னு சொல்லும், முழங்கால் மாட்டேங்கும். சாய்ஞ்சுட்டா அடுத்த நொடி இன்ஸ்ட்ரக்டர் சூட்ல இருக்குற பிடியைப் பிடிச்சுக்குவாரு. எல்லாரும் முதல்ல கீழ வலையைத் தான் பாப்போம், தலை குனிஞ்சா உடம்பு முன்னாடி சரியும், அதுக்குத் தான் தாடை சாடை. இடுப்பு தான் உடம்புலயே தாழ்வா இருக்கணும், நெஞ்சும் காலும் கொஞ்சம் மேல வளைஞ்சிருக்கணும். அப்படி இருந்தா ஒரு பக்கம் சரிஞ்சாலும் தாழ்ந்த பக்கத்துல காத்து ஜாஸ்தி பட்டு தானா நிமிர்த்தி விட்டுடும். வயித்தை உள்ள இழுத்து கூனிக்கிட்டீங்கன்னா நேர் எதிர், கவுத்து விட்டுடும்.

அதுக்கு அப்புறம் தான் ருசியே. காலை ரெண்டு இஞ்ச் நீட்டினா முன்னாடி போறோம், மடக்கினா பின்னாடி. ஒரு உள்ளங்கையை லேசா சாய்ச்சா சுத்துறோம். கை காலை விரிச்சு தட்டையா ஆனா மேல, இன்னும் வளைஞ்சா கீழ. எனக்கு வலது தோள் இறுகியிருந்திருக்கு, பல வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்ததுல வந்ததா இருக்கும், எனக்கே தெரியாது. டன்னல்ல நான் எதுவும் பண்ணாமலே ஒரே பக்கமா சுத்திட்டே இருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் வந்து அந்தத் தோளைத் தொட்டு சும்மா ஒரு தட்டு தட்டினாரு. விட்டேன். சுத்துறது நின்னுது. எந்த டாக்டரும் பிசியோவும் சொல்லாததை அந்தக் காத்து சொல்லுச்சு.

அதனால காசு எதுக்குன்னா, காத்துக்கு பாதி, அந்த ஆளுக்கு மீதி. அவரு காத்துல நின்னுக்கிட்டே உங்களையும் பாத்து, கண்ட்ரோல் ரூம்ல இருக்குறவருக்கும் வேகத்தைக் கூட்டு குறைன்னு சாடை காட்டிட்டு இருப்பாரு. என்னை மாதிரி குண்டா இருக்குறவங்களுக்கு ஒரு வேகம், சின்னப் பசங்களுக்கு ஒரு வேகம்.

ஜூலை 6

இது துபாய்க்காரங்க கண்டுபிடிச்சதுன்னு எழுதினவருக்கு: இல்லைங்க. மனுஷனை நிமிர்ந்த காத்துல முதல்ல பறக்க விட்டது 1964-ல, அமெரிக்கா ஒஹாயோ மாகாணத்துல ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்துல, பறந்தவர் ஜாக் டிஃபனி. பொது ஜனத்துக்குன்னு யோசிச்சது கனடா கியூபெக்காரர் ஜான் சேன்-ஜெர்மேன், எழுபதுகளோட கடைசியில. 1982-ல லாஸ் வேகஸ்ல கடை தொறந்தாச்சு. அந்தக் காலத்து டன்னல்ல காத்து நடுவுல மட்டும் தூக்கும், ஓரத்துக்குப் போனா கீழ விழுவாங்க, சுத்தி மெத்தை போட்டிருப்பாங்க. 1998-ல ஒர்லாண்டோல பில் கிச்சன்ங்கிறவர் கட்டினதுல ஃபேன் மேல போச்சு, காத்தை கீழ இருந்து தள்ளாம மேல இருந்து இழுத்தாங்க, சுவரோட சுவரா ஒரே சீரான காத்து வந்துச்சு. இழுக்குற காத்து தள்ளுற காத்தை விட அமைதியா வரும், இது வென்டிலேஷன்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி. இப்ப நாம போற டன்னல் பெரும்பாலும் அந்த வழி தான்.

போட்டியும் இருக்கு, சும்மா விளையாட்டுன்னு நினைக்காதீங்க. முதல் உலக சாம்பியன்ஷிப் 2015-ல ப்ராக்ல நடந்துச்சு. தலைகீழா, நின்ன வாக்குல, நாலு பேர் கை கோத்துன்னு எல்லாம் ஆடுறாங்க. வேற வேற எடை உள்ளவங்க சேர்ந்து பறக்கணும்னா லேசானவங்க இடுப்புல எடை பெல்ட் கட்டிக்குவாங்க.

ஜூலை 11

மின்வெட்டு வந்தா என்ன ஆகும்? இந்த நாட்டுல இருக்குற யாரும் கேக்க வேண்டிய கேள்வி தான், 2023 மின்வெட்டை யார் மறந்தோம்.

ஃபேன் கனமானது, சுத்திட்டு இருக்குறது சட்டுனு நிக்காது. கரண்ட் போனா வேகம் படிப்படியாத் தான் இறங்கும், நீங்க அதோட சேர்ந்து வலைக்கு இறங்குவீங்க, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல பிடிச்சிருப்பாரு. புதுசா வர்றவங்களை உயரத்துல தனியா விடுறதே இல்ல. நல்ல இடத்துல ஒண்ணுக்கு மேல ஃபேன் இருக்கும், ஒண்ணு நின்னாலும் மத்தது ஓடும்.

சுரங்கத்துல ஃபேன் நின்னா கீழ இருக்குறவங்க நிலைமை வேற. அதை நினைச்சுக்கிட்டே வேலை பாக்குறவளுக்கு இந்தக் கூண்டுல பயம் வரல.

ஜூலை 13

ரெண்டு வாரமா எழுதினதை எல்லாம் திரும்ப படிச்சேன். படிக்கிறவங்களுக்கு டன்னலும் வானமும் ஒண்ணுங்கிற எண்ணம் வந்துடக் கூடாது. இது தான் நான் இந்த இழையில சொல்ல நினைக்கிறதுலயே முக்கியமானது.

உடம்புக்கு ரெண்டும் ஒண்ணு. நேரத்துக்கு ஒண்ணு இல்ல. டன்னல்ல வலை எப்பவும் அதே இடத்துல இருக்கும், வானத்துல பூமி உங்களை நோக்கி வந்துட்டே இருக்கும். குதிக்கக் கத்துக்கிறவங்க மணிக்கட்டுல ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற கருவி) கட்டியிருப்போம், சில நொடிக்கு ஒரு தடவை அதைப் பாக்கணும், சொல்லிக் குடுத்த உயரம் வந்த உடனே என்ன நடந்துட்டு இருந்தாலும் விட்டுட்டு பாராசூட்டை விரிக்கணும். டன்னல் அதைக் கத்துக் குடுக்காது. கத்துக் குடுக்கவும் முடியாது. கண்ணாடிக்கு வெளிய நம்ம ஆளுங்க கை ஆட்டுறாங்க, நேரம் முடிஞ்சா லைட் காட்டுவாங்க, யாராவது வாசலுக்கு இழுத்துட்டுப் போவாங்க. வானத்துல அந்த லைட்டை நீங்க தான் போட்டுக்கணும்.

டன்னல்ல நல்லா பறக்குறவங்க குதிக்க வரும்போது உடம்பு அழகா நிக்கும், சுழல மாட்டாங்க, பதற மாட்டாங்க, ஏஎஃப்எஃப் பயிற்சியில (சொந்த பாராசூட்டோட குதிக்கக் கத்துக்குற பயிற்சி) ரெண்டு பக்கமும் பிடிச்சுட்டு வர்ற இன்ஸ்ட்ரக்டர்களுக்கு நிம்மதி. ஆனா அந்த சுகத்துலயே மணிக்கட்டைப் பாக்க மறக்குற ஆபத்தும் அவங்களுக்குத் தான் ஜாஸ்தின்னு நான் நினைக்கிறேன். அதனால லைசென்ஸ் வாங்கணும்னு இருக்குறவங்க டன்னல்லயும் மணிக்கட்டைப் பாத்துப் பழகுங்க, அதுல ஒண்ணுமே கட்டியிருக்காட்டியும் பரவாயில்ல. ஒரு திருப்பம் முடிச்சா மணிக்கட்டு, ஒரு திருப்பம் முடிச்சா மணிக்கட்டு. கடைசியில கையை பின்னாடி கொண்டு போய் பாராசூட் பிடி இருக்குற இடத்தைத் தொடுற மாதிரி செஞ்சுட்டு வெளிய வாங்க, முன்கூட்டியே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட சொல்லிட்டா அவரே கூட நின்னு செய்ய வைப்பாரு.

கேள்வி கேட்ட அண்ணாவுக்கு: சேர்த்து வெச்சு ஒரே தடவை குதிக்கலாமேன்னு கேட்டீங்க. ஒரே ஒரு தடவை அனுபவிச்சா போதும்னா தாராளமா டாண்டம் (இன்ஸ்ட்ரக்டரோட சேர்த்துக் கட்டிக்கிட்டு) குதிங்க, கார்லெட்டன்வில், ரஸ்டன்பர்க் ரெண்டு இடத்துலயும் நடக்குது. மேல ஏறும்போது கீழ பாருங்க, கார்லெட்டன்வில்காரங்க மண்ணுக்கு அடியில கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் வரைக்கும் தோண்டி வெச்சிருக்காங்க, ம்போனெங் சுரங்கம் அங்க தான். நாம குதிக்கிற உயரமும் அதுவும் ஏறக்குறைய சமம். அந்த நினைப்பு எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். ஆனா கத்துக்கணும்னு ஆசை இருந்தா, முதல்ல டன்னல்.

ஜூலை 20

இன்னைக்கு லெனேசியால அம்மன் கோயில்ல ஆடிக் கூழ். குளிர்ல கை விறைச்சுப் போச்சு, கூழ் சூடா உள்ள இறங்கினப்புறம் தான் உயிர் வந்துச்சு. அங்க பேசினதுல இதையும் எழுதணும்னு தோணிச்சு.

எங்க தெருவுல ஒரு ஆயா, எழுபது தாண்டிட்டாங்க, நேட்டால் கரும்புத் தோட்டத்துக் குடும்பம், கல்யாணம் ஆகி ஜோபர்க் வந்தவங்க. முழங்கால் ரெண்டும் போச்சு, படி ஏற மாட்டாங்க. பேரன் பிறந்தநாளுக்கு டன்னலுக்கு வந்தாங்க, வேடிக்கை பாக்கத் தான். நான் சும்மா கேட்டேன், ஆயா நீங்களும் வர்றீங்களான்னு. "வர்றேன் மா, எனக்கும் ட்ரெஸ் குடு"ன்னுட்டாங்க. குடும்பமே பதறிப் போச்சு. அங்க உள்ளவங்க பொறுமையா உடம்பு விவரம் எல்லாம் கேட்டாங்க, ரெண்டு பேர் உள்ள நின்னாங்க, வேகத்தை கம்மியா வெச்சாங்க. தரையில நடந்தா வலிக்கிற முழங்கால் காத்துல வலிக்கலையாம். வெளிய வந்து முதல்ல கேட்டது, இன்னொரு தடவை போக முடியுமான்னு.

விமானத்துல இருந்து குதிக்க ஆயாவால முடியாது, இறங்கும்போது அந்த முழங்கால் தாங்காது. வானத்துக்குப் போக முடியாதவங்களுக்கும் இந்தக் காத்து கிடைக்குது பாருங்க, சக்கர நாற்காலியில வர்ற பசங்களையும் நான் அங்க பாத்திருக்கேன், காலை சேர்த்துக் கட்டி பறக்க விடுறாங்க. இதை விலைப் பட்டியலை வெச்சு அளக்காதீங்கன்னு கேட்டுக்கிறேன்.

ஜூலை 22

ஆயா கதையைப் படிச்சுட்டு ரெண்டு மூணு பேர் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகப் போறதா சொன்னீங்க. சந்தோஷம், ஆனா கவனமா. தோள் மூட்டு முன்னாடி எப்பவாவது நழுவியிருந்தா போகாதீங்க, காத்துல கை விரிஞ்சு நிக்கும்போது மறுபடி நழுவும், இது தான் நிறைய பேர் சொல்லாம மறைக்கிற விஷயம். கர்ப்பமா இருக்குறவங்க வேண்டாம். கழுத்து, முதுகு, இருதய ஆபரேஷன் ஆனவங்க டாக்டர்கிட்ட கேக்காம வேண்டாம். எடைக்கும் வரம்பு உண்டு, இடத்துக்கு இடம் மாறும். புக் பண்றதுக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லிக் கேளுங்க.

சின்னப் பசங்க? பயப்படாம கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு உடம்பை இறுக்கத் தெரியாது, அதனால பெரியவங்களை விட சீக்கிரம் பிடிச்சுக்குவாங்க.

ஜூலை 27

சாட்ஸ்வர்த் அக்கா கேட்ட நகை விஷயம். மோதிரம், வளையல், கம்மல், செயின் எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க, அந்த வேகத்துல ஒரு சின்ன கம்மல் பறந்தாலும் அடுத்தவங்க முகத்துல படும், ஃபேன் வரைக்கும் போகும். மூக்குத்தி திருகு இறுகிப் போயிருந்தா மேல டேப் ஒட்ட விடுவாங்களான்னு கேளுங்க. தாலிக்கு மஞ்சக் கயித்துல மாத்தி, கழுத்து மூடின டி-ஷர்ட்டுக்குள்ள விட்டு, மேல சூட் ஜிப் போட்டுட்டுப் போனேன், நான் போன இடத்துல பாத்துட்டு சரின்னாங்க, ஆனா ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி இருக்கும், முன்னாடியே ஃபோன் பண்ணிடுங்க அக்கா. முடியை இறுக்கிப் பின்னி ஹெல்மெட்டுக்குள்ள சொருகிடுங்க, பூ வேண்டாம். கயிறு கட்டுற ஷூ போடுங்க. வயிறு முட்ட சாப்பிட்டுட்டு போகாதீங்க. இந்தக் குளிர்ல காத்து ரொம்ப காஞ்சிருக்கும், உதட்டுக்கு வாஸ்லின் தடவிக்கோங்க, கூட ஒரு பாட்டில் தண்ணி.